ஓட்டுக் கூரையிலும் சிமெண்ட் சீட்டிலும் ஏறும் முன்: விபத்துகள் கற்பித்த வேலைமுறை

வடகிழக்குப் பருவமழை அக்டோபர் நடுவில் தொடங்குவதற்கு முந்தைய சில வாரங்களில் தமிழ்நாட்டுக் கிராமங்களிலும் சிறு நகரங்களிலும் கூரை வேலைகள் குவிந்துவிடுகின்றன. ஆண்டு முழுவதும் பொறுத்துக்கொண்ட ஒழுகலை ஐப்பசி அடைமழைக்கு முன் அடைத்துவிட வேண்டும் என்ற அவசரத்தில், உடைந்த ஓட்டை மாற்றவும், விரிசல் விட்ட சீட்டுக்குத் தார் பூசவும், முகட்டில் சேர்ந்த சருகை அள்ளவும் ஆட்கள் மேலே ஏறுகிறார்கள். கால் வழுக்கி விளிம்பிலிருந்து விழுவது எல்லாரும் அஞ்சுகிற விபத்து என்பதால் அதற்கு ஓரளவு எச்சரிக்கையாகவும் இருக்கிறார்கள். நின்ற இடமே உடைந்து வீட்டுக்குள் விழுவதோ யாரும் எதிர்பாராத விபத்து. ஆஸ்பெஸ்டாஸ் சீட் எனப்படும் சிமெண்ட் சீட்டுக் கூரைகளில் உயிரைக் குடிப்பது பெரும்பாலும் அதுதான். இந்த வழிகாட்டி ஓட்டுக் கூரை, சிமெண்ட் சீட்டுக் கூரை ஆகிய இரண்டையுமே முதன்மையாக எடுத்துக்கொள்கிறது.

முதல் படி: ஏறாமலே முடியுமா என்று பார்த்தல்

கூரை வேலை என்றதும் ஏணியைத் தேடுவது நம்மிடம் ஊறிப்போன பழக்கம். ஆனால் சிறு பழுதுகளில் கணிசமானவற்றை வீட்டுக்குள் நின்றே சரிசெய்யலாம். சீலிங் அடிக்காத சீமை ஓட்டுக் கூரையில் ஒரே ஓர் ஓடு உடைந்திருந்தால், உள்ளே ஏணியோ சாரமோ போட்டு நின்று, அதற்கு மேலும் பக்கத்திலும் உள்ள ஓடுகளைக் கையால் சற்றுத் தூக்கிப் பிடித்து, உடைந்ததை உருவிப் புதியதைச் செருகி, அதன் பின்புறக் குமிழ் ரீப்பரில் (ஓட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தில்) மாட்டிக்கொண்டதா என்று இழுத்துப் பார்த்துவிடலாம். சிமெண்ட் சீட்டை மாற்றுவதற்கும் இதுவே நல்ல முறை: கீழே உறுதியான சாரம் கட்டி, பழைய சீட்டின் போல்ட்டுகளை உள்ளிருந்து அறுத்து, அதை நகர்த்தி, திறந்த இடைவெளியில் மார்பளவு மேலே வந்து வேலை செய்ய வேண்டும். சாரம் கட்ட அரை நாள் கூலி கூடுதலாகும் என்று வீட்டுக்காரர் முணுமுணுப்பார். சீட்டின் மேல் ஆள் நடக்கவே தேவையில்லாத ஒரே முறை இது என்பதால் அந்தக் கூலியைக் குறைக்க முயல்வது தவறான சிக்கனம்.

இரண்டாம் படி: உள்ளே நின்று கூரையைப் படித்தல்

ஏறித்தான் ஆக வேண்டும் என்று முடிவானால், ஏறப்போகும் ஆளே முதலில் உள்ளே சென்று அண்ணாந்து பார்க்க வேண்டும். பர்லின்கள் (சீட்டைத் தாங்கும் குறுக்கு உத்திரங்கள்) எங்கெங்கே ஓடுகின்றன, அவற்றுக்கிடையே எவ்வளவு இடைவெளி, எந்தச் சீட்டில் மயிரிழை விரிசல் தெரிகிறது, எங்கே ஈரக் கறை படிந்திருக்கிறது, எந்த இடத்தில் வெளிச்சத்துக்காகக் கண்ணாடி இழைச் சீட் போட்டிருக்கிறார்கள் என்பனவற்றை ஒரு தாளில் கோடுபோட்டு வரைந்துகொள்வது நல்லது. மேலே போனபின் தூசியும் பாசியும் காய்ந்த சருகும் எல்லாவற்றையும் ஒரே சாம்பல் நிறமாக்கிவிடும். வெளிச்சத்துக்குப் போட்ட சீட் சில வருட வெயிலில் பழுத்து, தூசி படிந்து, பக்கத்துச் சிமெண்ட் சீட்டிலிருந்து பிரித்தறிய முடியாமல் போகிறது. பழைய பட்டறைகளிலும் கோழிப் பண்ணைகளிலும் மேலே ஏறியவர் அதன்மேல் காலை வைத்து நேராகத் தரைக்கு வந்துவிடுகிறார். கீழே கிடப்பது பெரும்பாலும் சிமெண்ட் தளமோ இயந்திரமோதான்.

ஓட்டுக் கூரையாக இருந்தால் மரத்தைச் சோதிக்க வேண்டும். பனஞ்சட்டம் நடுவில் இரும்பு போல் இருந்தாலும், சுவருக்குள் புதைந்திருக்கும் அதன் முனை ஈரத்திலும் கரையானிலும் மாவாகிப் போயிருக்கக்கூடும். சுத்தியலால் தட்டினால் உள்ளீடற்ற மரம் மந்தமான, பொள்ளல் ஒலியைத் தரும். ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் எதிர்ப்பின்றி இறங்கும். சட்டத்தின் நடுப்பகுதியை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு மரம் நன்றாக இருக்கிறது என்று சான்று கொடுப்பவர்கள் அதிகம். கெடுவது முனையில்தான் தொடங்குகிறது என்பதால் சுவரை ஒட்டிய ஒரு முழத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மூன்றாம் படி: மின்கம்பியின் தூரம்

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டோம், இனிப் பயமில்லை என்பது கூரையில் மிக ஆபத்தான தவறான நம்பிக்கை. மெயின் சுவிட்ச் வீட்டுக்குள் போகும் மின்சாரத்தை மட்டுமே நிறுத்துகிறது. கம்பத்திலிருந்து மீட்டர் வரை வரும் சர்வீஸ் ஒயரில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். அந்த ஒயர் பல வீடுகளில் இறவாரத்தை உரசிக்கொண்டோ, கூரையில் நட்ட இரும்புக் குழாயில் சுற்றிக்கொண்டோ வருகிறது. வெயிலில் அதன் மேலுறை வெடித்திருந்தால், ஈரமான ஓடும் துருப்பிடித்த தகரமும் மின்சாரத்தைக் கடத்த அது போதும். அதனால் சர்வீஸ் ஒயருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வேலை என்றால் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் சொல்லி, கம்பத்திலேயே இணைப்பைத் துண்டித்த பிறகுதான் ஏற வேண்டும். புகாரைப் பதிவு செய்ய மின்வாரியத்தின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

தெருவில் உயரழுத்தக் கம்பி சென்றால் கணக்கு இன்னும் கடுமையாகிறது. 11 கிலோவோல்ட் கம்பி கட்டடத்திலிருந்து செங்குத்தாக 3.7 மீட்டரும் கிடைமட்டமாக 1.2 மீட்டரும் விலகியிருக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் விதி. அந்த அளவில் சரியாக அமைந்த கம்பியின் கீழேகூட, 10 அடி நீளத் தகரச் சீட்டைத் தோளில் வைத்து நிமிர்த்தினால் அதன் மேல்முனை கூரையிலிருந்து 4 மீட்டரைத் தாண்டிவிடுகிறது. நீளமான பொருள் எதையும் கூரையில் படுக்கைவாக்கில் மட்டுமே நகர்த்த வேண்டும்; அலுமினிய ஏணியைக் கம்பி ஓடும் பக்கம் கொண்டே போகக் கூடாது.

நான்காம் படி: நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுத்தல்

"ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்" என்பது மிகைதான், ஆனால் பாலக்காட்டுக் கணவாயை ஒட்டிய கோவைப் பக்கமும் தென்காசிப் பக்கமும் ஆனி ஆடியில் சீட்டைத் தூக்கிப் பார்த்தவர்களுக்கு அது அவ்வளவு மிகையாகத் தோன்றாது. அகலமான சீட் ஒன்றைக் காற்றுக்கு எதிராகப் பிடித்தால் அது பிடித்தவரையும் சேர்த்துத் தள்ளும். மழை பெய்த மறுநாள் காய்ந்தது போலத் தோன்றும் பாசி, மிதித்ததும் வழுக்கும். விடியற்காலையில் தகரத்தில் பனி ஈரம் இருக்கும். பதினொரு மணிக்கு மேல் அதே தகரம் உள்ளங்கையைச் சுடும், ஆளுக்குத் தலை சுற்றும். ஈரம் உலர்ந்த பின் தொடங்கி வெயில் ஏறும் முன் இறங்கிவிடுவது, பிறகு மாலையில் மீண்டும் ஏறுவது என்று இரண்டாகப் பிரித்துக்கொள்வதே நல்லது. புயலுக்குப் பிறகான நாட்களைத் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது நிகழ்ந்தது போல ஒரே இரவில் பல ஊர்களின் கூரைகள் போய்விட்டால், மறுநாளே தார்ப்பாய் கட்ட எல்லாரும் மேலே ஏறுவார்கள். மரங்கள் சாய்ந்து, கம்பிகள் தொங்கி, கைமரங்கள் இடம் நகர்ந்து கிடக்கும் அந்த நேரத்தில், கூரையின் மேல் நடந்து கட்டுவதைவிடத் தார்ப்பாயின் ஓரங்களில் கயிறு கட்டி, மறுபக்கத்துக்கு எறிந்து, தரையிலிருந்தே இழுத்துக் கட்டுவதுதான் உகந்தது.

ஐந்தாம் படி: ஏணி

ஏணியின் அடி, அது சாயும் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு தூரம் தள்ளி இருக்க வேண்டும். அதாவது 12 அடி உயரத்தில் சாய்ந்தால் அடி 3 அடி தள்ளி. மேல்முனை இறவாரத்துக்கு மேல் 3 அடியாவது நீண்டிருக்க வேண்டும். இந்த மூன்றடியைத்தான் பெரும்பாலோர் வீண் என்று நினைக்கிறார்கள். ஏறும்போது அதன் தேவை தெரியாது. இறங்கும்போது, முதுகைத் திருப்பிக்கொண்டு ஒரு காலால் படியைத் துழாவும் அந்தக் கணத்தில், பிடிக்க ஒன்றும் இல்லாதவர் இறவார ஓட்டைப் பிடிப்பார், ஓடு கையோடு வரும். ஏணியை ஓட்டின் விளிம்பிலோ சீட்டின் விளிம்பிலோ சாய்க்காமல் சுவரிலோ உறுதியான சட்டத்தின் முனையிலோ சாய்த்து, மேலே கயிற்றால் கட்டிவிட வேண்டும். கட்டி முடிக்கும் வரை கீழே ஒருவர் அதைப் பிடித்திருக்க வேண்டும். மூங்கில் ஏணியின் படிகளை ஏறும் முன் ஒவ்வொன்றாகத் திருகிப் பார்ப்பது நல்லது. சுழலும் படி கழன்றுவிடும். வழவழப்பான சிமெண்ட் தரையில் அடியில் சாக்கு மடித்துப் போடுவது வழக்கம். சாக்கும் சேர்ந்து வழுக்கும். தரையில் முளை அடிக்க முடியாவிட்டால், அடிப்படியை எதிர்த் தூணிலோ சன்னல் கம்பியிலோ கட்ட வேண்டும்.

ஆறாம் படி: சிமெண்ட் சீட்டின் மேல்

ஆஸ்பெஸ்டாஸ் சீட் 6 மில்லிமீட்டர் கனமுள்ள சிமெண்ட் தகடு. கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இழை அதற்கு உறுதி தருகிறது. பரவலாக விழும் மழையையும் காற்றையும் தாங்கவே அதைச் செய்கிறார்கள். ஓர் ஆளின் எடை முழுவதும் ஒரு பாதத்தின் அளவில் இறங்குவது அதன் கணக்கில் இல்லை. புதிய சீட் சில வேளை தாங்கிவிடுகிறது. இதுதான் தீமை, ஏனெனில் தாங்கியதைக் கண்ட மேஸ்திரி பதினைந்து வருடப் பழைய சீட்டின் மேலும் அதே நம்பிக்கையோடு நடக்கிறார். மரம் முறியும் முன் வளையும், முனகும். சீட் எந்த அறிவிப்பும் தராமல் ஒரே அடியாகப் பிளக்கும்.

அனுபவமுள்ளவர்கள் சொல்லும் உபாயம் ஒன்று உண்டு: போல்ட் வரிசையை மிதித்து நட, அதன் கீழே பர்லின் இருக்கிறது. தகவலாக இது சரி, நடைமுறையாகப் போதாது. பர்லினின் அகலம் இரண்டு மூன்று அங்குலம் மட்டுமே. சாய்வில், கையில் பொருளோடு, பார்வை வேறு எங்கோ இருக்க, ஓர் அடி தவறினால் கால் பர்லினுக்கும் பர்லினுக்கும் இடையே விழும். 6 மில்லிமீட்டர் சீட்டுக்குப் பர்லின் இடைவெளி அதிகபட்சம் 1.4 மீட்டர் என்பது நிலையான அளவு; சிக்கனத்துக்காக அதைவிட அகலமாகப் போட்ட கூரைகளும் நிறைய உள்ளன.

ஆகவே நடைபலகை இல்லாமல் சீட்டின் மேல் ஏறவே கூடாது. பலகை குறைந்தது ஒன்றரை அடி அகலமாகவும், இரண்டு பர்லின்களைத் தாண்டி மூன்றாவதிலும் பதியும் நீளமாகவும், குறுக்கே கால் பிடிப்புக்கான ரீப்பர் அடித்ததாகவும் இருக்க வேண்டும். சாய்வில் கீழே நழுவாமல் முகட்டைத் தாண்டிக் கயிறு போட்டுக் கட்ட வேண்டும். ஒரு பலகை போதாது, குறைந்தது இரண்டு வேண்டும்: ஒன்றில் நின்றுகொண்டுதானே மற்றதை நகர்த்த முடியும்? ஒற்றைப் பலகையோடு போனவர் அதை நகர்த்தச் சீட்டில் இறங்குகிறார். அந்த ஒரு நொடிதான் விபத்தின் நேரம். கட்டடத் தொழிலாளர்களுக்கான 1998ஆம் ஆண்டு மத்திய விதிகளும் சரிவான கூரை வேலைக்குத் தவழ்ந்து செல்லும் பலகைகளைக் குறிப்பிடுகின்றன. சட்டம் இப்படி இருந்தும், நமது சிறு ஒப்பந்த வேலைகளில் பலகையைச் சுமந்து வரும் ஆளைக் காண்பது அரிது.

புதிய சீட் மாட்டும்போது பின்னாளைய விபத்துகளைக் குறைக்கும் சில நுணுக்கங்கள் உண்டு. துளையை அலையின் மேட்டில் இட வேண்டும், பள்ளத்தில் இட்டால் நீர் அதன் வழியே இறங்கும். ஆணியால் குத்தித் துளைக்காமல் துரப்பணத்தால் துளையிட வேண்டும். 8 மில்லிமீட்டர் ஜே போல்ட்டுக்கு (பர்லினைக் கொக்கிபோல் பிடிக்கும் வளைந்த போல்ட்) 10 மில்லிமீட்டர் துளை, அப்போதுதான் வெயிலில் சீட் விரிய இடமிருக்கும். தார் வாஷரின் மேல் நட்டை முழு பலத்தோடு முறுக்கினால் சீட் அங்கேயே மயிரிழையாக வெடித்து, அடுத்த மழையில் ஒழுகி, மீண்டும் ஓர் ஆளை மேலே ஏற்றும். மேல்சீட் கீழ்ச்சீட்டின் மேல் 150 மில்லிமீட்டர் படிய வேண்டும். 3 மீட்டர் சீட் ஒன்று சுமார் 40 கிலோவுக்கு மேல் இருக்கும் என்பதால் ஒருவர் தனியாகத் தூக்கி ஏணி ஏறுவதற்கு அது உரியதன்று. கயிற்றில் சாய்த்து இழுப்பதே முறை.

ஏழாம் படி: ஓட்டுக் கூரையின் மேல்

1865இல் பாசல் மிஷன் மங்களூரில் தொடங்கிய ஆலையிலிருந்து பரவிய சீமை ஓடு, ஒவ்வொன்றும் இரண்டு முதல் மூன்று கிலோ எடையுள்ளது. நல்ல ரீப்பர் மேல் இருந்தால் கவனமாக மிதிக்கும் ஆளைத் தாங்கும். மிதிக்க வேண்டிய இடம் ஓட்டின் கீழ்ப்பகுதி. அங்கே அடுத்த ஓடும் ரீப்பரும் அடியில் இருக்கின்றன. நடுவில் மிதித்தால் ஓடு இரண்டாகும். முகட்டோடுகள் சுண்ணாம்போ சிமெண்டோ பூசியிருப்பதால் உறுதி போலத் தோன்றும், ஆனால் பழைய பூச்சு விட்டுப்போயிருக்கும். முகட்டில் குதிரையேறியது போல் உட்கார்ந்து வேலை செய்பவர் அந்த ஓட்டோடு சேர்ந்து சரிவதற்கு இடமுண்டு. நாட்டு ஓட்டின் (சிறிய வளைந்த ஓட்டின்) மேல் நடப்பதை நினைக்கவே வேண்டாம். அதை வரிசை வரிசையாகப் பிரித்து, சோதித்து உறுதிப்படுத்திய சட்டத்தின் மேல் காலை வைத்து முன்னேற வேண்டும்.

ஓட்டை வெறுங்கையால் பட்டென்று தூக்காதீர்கள். தேள், குளவிக்கூடு, சில வேளை எலியைத் தேடி வந்த பாம்பு ஆகியவை அதன் அடியில் குளிர்ச்சிக்காகத் தங்கியிருக்கும். கொட்டுவதால் நேரும் வலியைவிட, கொட்டியவுடன் துள்ளிப் பின்வாங்கும் அந்த அசைவுதான் ஆளைக் கீழே தள்ளுகிறது. கையுறை அணிந்து, ஓட்டை ஒரு கம்பியால் நெம்பி அசைத்து, சற்றுப் பொறுத்து எடுக்க வேண்டும். எடுத்த ஓடுகளை ஒரே இடத்தில் அடுக்கி வைப்பதும் தவறு. ஐம்பது ஓடு சேர்ந்தால் நூறு கிலோவைத் தாண்டும். அந்தப் பாரத்தை இரண்டு பழைய சட்டங்களின் மேல் ஏற்றிவிட்டுப் பக்கத்தில் நிற்பது கூரையைச் சோதிக்கும் வழியன்று.

எட்டாம் படி: கயிறும் பட்டையும்

இடுப்பில் மட்டும் கட்டும் பெல்ட் விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் நசுக்கும் என்பதால், தோளையும் தொடையையும் சுற்றி வரும் முழு உடல் பட்டையையே வாங்க வேண்டும், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தரநிலை முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் பட்டை அணிந்துவிட்டாலே காப்பு வந்துவிடாது. 1.8 மீட்டர் கயிறும், அதிர்ச்சியை உறிஞ்ச விரியும் பகுதியும், ஆளின் உயரமும் சேர்ந்தால் விழுந்து நிற்பதற்குச் சுமார் 6 மீட்டர் வெற்றிடம் தேவைப்படுகிறது. நமது ஓட்டு வீட்டின் இறவாரம் 3 மீட்டருக்கு மேல் இருப்பதில்லை. கயிறு இறுகும் முன்பே ஆள் தரையில் இருப்பார். எனவே தாழ்ந்த கூரையில் கயிற்றின் வேலை விழுந்தவரைப் பிடிப்பதாக இருக்கக் கூடாது. விளிம்புக்குப் போகவே விடாத அளவுக்கு அதைக் குட்டையாகக் கட்ட வேண்டும். கயிற்றை முகட்டைத் தாண்டி மறுபக்கம் இறக்கி, தென்னை போன்ற உயிருள்ள மரத்திலோ கான்கிரீட் தூணிலோ கட்டலாம். ஆன்டெனாக் குழாயும் தண்ணீர்த் தொட்டியின் பிளாஸ்டிக் குழாயும் நங்கூரம் ஆகா. வண்டியில் கட்டினால் அதன் சாவி மேலே இருப்பவரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும். வண்டியிலேயே கட்டாமல் இருப்பது அதைவிட மேல்.

தகரக் கூரையைப் பற்றி இங்கே அதிகம் சொல்ல வேண்டியதில்லை: ஓரம் கத்தி போல் அறுக்கும், ஈரத்தில் வழுக்கும், திருகு வரிசையை விட்டு மிதித்தால் நெளியும். கைப்பிடிச் சுவரில்லாத மொட்டை மாடியில் பின்னோக்கி நடந்து வெள்ளை அடிப்பதும் குழாயை இழுப்பதும் கூடா. எப்போதும் விளிம்பிலிருந்து உள்நோக்கியே வேலை நகர வேண்டும்.

ஒன்பதாம் படி: கீழே ஓர் ஆள்

தனியாக ஏறுவதை எந்த வேலைக்கும் அனுமதிக்கக் கூடாது. கீழே இருப்பவர் வெறுமனே பொருள் எடுத்துக் கொடுப்பவர் அல்லர். கூரைக்கு நேர்கீழே உள்ள அறையைப் பூட்டி, குழந்தைகளையும் முதியவர்களையும் அப்புறப்படுத்தி, ஓடு விழும் பக்கத்தில் கயிறு கட்டி வழியை மறிப்பதும் அவர் பொறுப்பே. உடைந்த ஓட்டைக் "கீழ விடுறேன், பாத்துக்க" என்று கத்திவிட்டு எறியும் பழக்கத்தை அவரே நிறுத்த வேண்டும். வாளியும் கப்பியும் இருக்கும்போது எறிவதற்குக் காரணம் ஏதுமில்லை.

பத்தாம் படி: விழுந்துவிட்டால்

விழுந்தவரைத் தூக்கி உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பது நம் ஊரின் முதல் உதவி. முதுகெலும்பு முறிந்திருந்தால் அதுவே கால்களைச் செயலிழக்கச் செய்துவிடக்கூடும். 108ஐ அழைத்துவிட்டு, அவரை அசைக்காமல், தலையையும் கழுத்தையும் இரு கைகளால் நேராகப் பிடித்திருக்க வேண்டும். மூச்சு நின்றிருந்தாலோ, தீயோ மின்கம்பியோ அருகில் இருந்தாலோ மட்டுமே நகர்த்தலாம். மின்சாரம் பாய்ந்து விழுந்தவராக இருந்தால் தொடுமுன் இணைப்பு துண்டிக்கப்பட்டதா என்று உறுதிசெய்ய வேண்டும். எழுந்து நடக்கிறார், பேசுகிறார் என்பதற்காகத் தலையில் அடிபட்டவரை வீட்டுக்கு அனுப்பிவிடவும் கூடாது; மண்டைக்குள் இரத்தக் கசிவு சில மணிநேரம் கழித்துத்தான் தன்னைக் காட்டும். பட்டையில் தொங்கிக்கொண்டிருப்பவரை ஆம்புலன்ஸ் வரும் வரை காத்திருக்க வைக்காமல் சில நிமிடங்களுக்குள் இறக்க வேண்டும், ஏனெனில் தொடைப் பட்டை அழுத்துவதால் இரத்தம் கால்களில் தேங்கி மயக்கம் வரும். இறக்குவதற்கான இரண்டாவது ஏணி வேலை தொடங்கும் முன்பே அங்கே இருக்க வேண்டும் என்பது இதனால்தான்.

பதினோராம் படி: உடைந்த சீட்டை அகற்றுதல்

கல்நார் இழை மூச்சில் கலந்து நுரையீரலில் தங்கினால், நோய் பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும். அதனால் இன்று ஒன்றும் ஆகவில்லை என்பது ஆறுதலாகாது. சீட்டை கிரைண்டரால் உலர்வாக அறுக்க வேண்டாம். நீரைத் தெளித்து நனைத்து, கை ரம்பத்தால் மெதுவாக அறுக்கவும். பி-100 அல்லது எஃப்.எஃப்.பி-3 வகை முகமூடி வேண்டும், துண்டை மூக்கில் சுற்றிக்கொள்வது இந்த இழையைத் தடுக்காது. பாசியைச் சுரண்டவும் அழுத்த நீரால் பீய்ச்சவும் கூடாது. கீழே விழுந்த தூளைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்து, அந்தத் துணியையும் துண்டுகளையும் கனமான பிளாஸ்டிக் தாளில் இறுக்கிக் கட்டி, உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கும் வழியைக் கேட்டறியவும். உடைந்த சீட்டை அடுப்புக்குக் காற்று மறைப்பாகவும், மாட்டுத் தொழுவத்தின் பள்ளத்தை நிரப்பும் ஜல்லியாகவும் பயன்படுத்தும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. ஒவ்வொரு முறை மிதிபடும்போதும் அந்தத் துண்டு இழையை வெளியே விட்டுக்கொண்டிருக்கும் என்பதால், வேலை முடிந்த அன்றே அதை வளாகத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். வேலை செய்தவர்களின் உடைகளையும் வீட்டுத் துணிகளோடு சேர்க்காமல் தனியாக நனைத்துத் துவைக்க வேண்டும்.